கைப்பேசித் திரையும் கல்லாப்பெட்டியும்

விழுப்புரம், திண்டிவனம் மளிகைக் கடைகளில் இன்று கல்லாவின் அருகே கியூஆர் அட்டை இருக்கிறது. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையால் சில்லறைத் தொல்லை குறைந்தது. ஆனால் அதன் அமைப்பில் உள்ள ஒரு குறையை வணிகர்களாகிய நாம் அறிந்திருத்தல் அவசியம்.

பணம் செலுத்தியதைக் காட்டும் பச்சைக் குறி வாடிக்கையாளரின் கைப்பேசியில்தான் தோன்றுகிறது. அதை அறிய வேண்டிய நாமோ தராசில் சரக்கு நிறுத்துக்கொண்டிருக்கிறோம். கூட்ட நேரத்தில் நீட்டிய திரையைப் பார்த்துத் தலையசைப்பது இயல்பு. அசலைப் போன்ற திரையைக் காட்டும் போலிச் செயலிகள் இந்த இடைவெளியில்தான் நுழைகின்றன.

இதற்கு மாற்றாக 2019-இல் பேடிஎம் நிறுவனம் ஒலிப்பெட்டியைக் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. கண்ணும் கையும் வேலையில் இருந்தாலும் காது கேட்கும் அல்லவா?

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. பிறர் திரை நமக்கு ரசீது ஆகாது. ஒலிப்பெட்டி சொல்லும் தொகையைச் சரக்கின் விலையோடு ஒப்பிட வேண்டும்.

2. பெட்டி பேசாவிட்டால், "சற்றுப் பொறுங்கள்" என்று பணிவாகச் சொல்லி, நம் கணக்கில் வரவைப் பார்க்க வேண்டும். நல்ல வாடிக்கையாளரின் மனம் நோகக் கூடாது.

3. பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்டால், போவது நம் பணம்.

4. நமது அட்டையின்மேல் வேறு அட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கடை திறந்ததும் பார்க்க வேண்டும்.

இவற்றைக் கடைப் பையன்களுக்கும் சொல்லிவைப்போம். கல்லாவில் எப்போதும் நாமே இருப்பதில்லை.