இரட்டைப் பொய்கையும் நிழற்படமும்

இலங்கையின் பழைய தலைநகராகிய அநுராதபுரத்தில், அபயகிரி விகாரத்தின் எல்லைக்குள், இரண்டு கற்பொய்கைகள் அருகருகே அமைந்துள்ளன. சிங்கள மொழியில் இவற்றைக் ‘குட்டம் பொக்குண’ என்பர். இரட்டைப் பொய்கை என்பது அதன் பொருள். விகாரத்தில் வாழ்ந்த துறவியர் நீராடுதற்பொருட்டு இவை கட்டப்பெற்றன. வடபொய்கை ஏறக்குறைய 91 அடி நீளமும், தென்பொய்கை 132 அடி நீளமும் உடையன. அகலம் இரண்டிற்கும் 51 அடியே. நாற்புறமும் செதுக்கிய கற்பலகைகள் படிப்படியாக இறங்குகின்றன.

இவற்றின் அழகினும் வியக்கத்தக்கது நீர் வரும் முறை. நிலத்தடிக் கால்வாய் வழியே வந்த நீர் நேரே பொய்கையில் விழுவதில்லை. முதலில் கல்லால் அமைந்த ஒரு சிறு தொட்டியில் தங்கும். ஆங்கே வண்டலும் மணலும் அடியிற் படிந்துவிட, தெளிந்த நீர் மட்டும் மகர வாயின் வழியாக வடபொய்கையை அடையும்; அதிலிருந்து குழாய் வழியே தென்பொய்கைக்குச் செல்லும். அருகில் ஐந்தலை நாகம் ஒன்று கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

10ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் படை அநுராதபுரத்தைக் கைப்பற்றியது. பின்னர்த் தலைநகர் பொலன்னறுவைக்கு மாறிற்று. தமிழர் வெற்றியாக எண்ணப்படும் அந்நிகழ்ச்சி, இந்நகரின் விகாரங்களுக்குக் கேடாய் முடிந்தமையை மறைத்தல் நேர்மையாகாது. நாளடைவில் நீராடுவார் இலராயினர்; காடு நகரை மூடிற்று.

1868இல் இலங்கை அரசினர் தொல்பொருட் குழு ஒன்றை அமைத்தனர். அக்குழுவின் பொருட்டு, கண்டியில் நிழற்பட நிலையம் நடத்திய ஜோசப் லாட்டன் என்பவர் 1870, 1871 ஆகிய ஆண்டுகளில் அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா முதலிய இடங்களைப் படம் பிடித்தார்.

அக்காலத்தில் படம் பிடித்தல் எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்துவிடவேண்டும். எடுத்தவுடனே இருட்கூடாரத்தினுள் புகுந்து அதனைத் துலக்கவேண்டும். வெப்பம் மிக்க காட்டில் ஈரம் எத்துணை நேரம் நிற்கும்? சில நிமிடங்களே. கண்ணாடி, மருந்து, கூடாரம் அனைத்தையும் சுமந்து செல்லவேண்டும். தகட்டைக் கழுவத் தூய நீரும் வேண்டும். காட்டு வழியில் தகடு ஒன்று உடைந்தால் அன்றைய உழைப்பு அத்தனையும் வீணே. லாட்டன் 1872இல் இறந்தார். அவருடைய படங்கள் இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன. ஏனெனில், பிற்காலத்தார் மண்ணை அகற்றிக் கற்களை மீண்டும் அடுக்கிச் செப்பம் செய்தனர். எக்கல் பழைய இடத்தில் இருந்தது, எக்கல் பின்னர் வைக்கப்பட்டது என்னும் ஐயம் எழுமிடத்து, செப்பம் செய்யுமுன் எடுத்த படமே சான்றாகும்.

ஆகவே பாழ்பட்ட நீராடுமிடத்தைப் படமெடுப்போர் அழகு ஒன்றையே கருதுதல் பிழை. உச்சிவேளையில் படிகள் நிழலின்றித் தட்டையாய்த் தோன்றும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் படும்போது ஒவ்வொரு படியின் விளிம்பும் தனித்துத் தெரியும். மூலையில் நின்று எடுத்தால் இரு பக்கங்களும் ஒருங்கே அடங்கும். அளவு தெரிய ஒருவரைப் படியில் நிற்கச் செய்தல் நன்று. பாசியும் வெடிப்பும் வேர் நுழைந்த இடமும் படத்தில் விழவேண்டும். கண்ணுக்கு இனிதன்று என்று அவற்றை விலக்கினால், அப்படம் வாழ்த்து மடலுக்கு உதவுமேயன்றிப் பழுதுபார்ப்பவனுக்கு உதவாது.

கண்ணாடித் தகட்டுக்குப் பின்னர்ப் படச்சுருள் வந்தது. வெள்ளி உப்புப் பூசிய அச்சுருளைச் செய்வதற்குக் குளிர்ந்த, தூசியற்ற காற்று வேண்டும். ஆதலின் நடுவணரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை நீலகிரியில் உதகைக்கு அருகே அமைந்தது. 1967 முதல் அங்கே ‘இந்து’ என்னும் பெயருடைய படச்சுருள்கள் செய்யப்பட்டன. இத்தலார் முதலிய மலையூர்களில் முதியோர் பலர்க்கு அப்பெயர் இன்றும் நினைவிருக்கும். எண்மக் கருவிகள் பரவியபின் படச்சுருளை வாங்குவார் அருகினர், அத்தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. எத்தனையோ பாழ்களைப் பதிந்து வைக்கச் சுருள் தந்த அக்கட்டடமே இன்று படம் பிடிக்கப்படவேண்டிய ஒன்றாக மலைச்சரிவில் நிற்கின்றது.