இறுகிப்போன அடைப்பு

உராய்வு, வெப்ப விரிவு, ஆவியாதல் ஆகிய மூன்றையும் நாம் பாடப் புத்தகத்தில் தனித்தனியே படிக்கிறோம். மூன்றும் ஒரே இடத்தில் கூடி நிற்பதைக் காண விரும்பும் நண்பர்கள், ஒரு பழைய காரின் பெட்ரோல் டாங்கிக்கு அடியில் குனிந்து பார்க்கலாம். அங்கே உள்ள வடிகால் அடைப்பைப் பட்டறையில் 'டிரெயின் பிளக்' என்பர். பல ஆண்டுகள் அசையாதிருந்த அதனைக் கழற்றுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் பழகிய வண்டி மாரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இது 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இதன் டாங்கி, பின்புறச் சாமான் அறையின் தளத்துக்கு அடியில் இருக்கிறது. தொடக்கக்கால வண்டிகளில் அது 5 காலன், அதாவது ஏறத்தாழ 23 லிட்டர் கொள்ளும்.

ஏன் கழற்ற வேண்டும்?

நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே டாங்கிக்குள் புகும் ஈரம் அடியில் தங்கி, அடைப்பைச் சுற்றித் துருவை வளர்க்கிறது. இன்று நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இது கூடுதல் தொல்லை. அடியில் சேர்ந்த நீரையும் கசடையும் வெளியேற்றும் வாயில் அந்த அடைப்பே.

ஏன் இறுகுகிறது?

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. மரைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் அத்துரு ஆப்புப் போல் இறங்கிவிடுகிறது. இந்நிலையில் ஸ்பானரின் பிடியில் ஒரு குழாயை மாட்டி அதன் நீளத்தை இரட்டித்தால், முறுக்கு விசையும் இரட்டிக்கும். ஆனால் அந்த விசை மரையோடு நிற்காது. அடைப்பைத் தாங்கும் தடித்த வளையம், மெல்லிய தகட்டில் பற்றவைக்கப்பட்டது. அடைப்பு திரும்புமுன் வளையம் கிழிந்து வந்தால், டாங்கியே பாழாகும்.

ஆபத்து எங்கே?

காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால் தீப்பற்றும். நிறைந்த டாங்கியில் ஆவி மிகுந்து, காற்றுக்கு இடம் குறைவு. காலியான டாங்கியிலோ ஆவியும் காற்றும் வெடிக்கத் தக்க அளவில் கலந்துவிடலாம். "காலிதானே" என்று கருதி ஊதுவிளக்கைக் காட்டுவது உயிருக்கு உலை வைப்பதாகும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து குழிகளில் தங்கும். எனவே பட்டறைக் குழிமேல் வண்டியை நிறுத்தி இவ்வேலையைச் செய்யலாகாது.

செய்முறை

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பாட்டரியின் இணைப்பைக் கழற்றுக. தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெட்ரோலைக் கைப்பம்பினால் உலோகக் கலத்தில் இறக்குக. வாயால் உறிஞ்சுவது நுரையீரலுக்குக் கேடு. கலத்தையும் வண்டியையும் ஒரு கம்பியால் இணைத்தால் நிலைமின் பொறிக்கு இடமில்லை.

அடைப்பைச் சுற்றியுள்ள சேற்றைப் பித்தளைத் தூரிகையால் நீக்கி, துருவில் ஊடுருவும் எண்ணெயை விடுக. எங்கள் வண்டிக்குக் காலையும் மாலையுமாக நான்கு நாள் விட்டோம். ஒவ்வொரு முறையும் பித்தளைச் சுத்தியலால் அடைப்பின் தலையில் மெல்லத் தட்டினோம். அந்த அதிர்வு துருவில் வெடிப்புகளை உண்டாக்க, எண்ணெய் அவற்றின் வழியே உள்ளே இறங்குகிறது.

அடைப்பு பித்தளையாகவும் வளையம் எஃகாகவும் இருந்தால் ஒரு நுட்பம் உண்டு. ஒரே அளவு வெப்ப மாற்றத்திற்குப் பித்தளை எஃகைவிட ஒன்றரை மடங்கு விரியும், சுருங்கும். ஆதலால் சூடேற்றினால் அது மேலும் இறுகும். பனிக்கட்டியை அழுத்திக் குளிர்வித்தால் சற்றே தளரும். அந்தச் சுருக்கம் ஒரு தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆயினும் எண்ணெய் நுழைய அது போதும்.

பின்னர், தலையின் ஆறு பக்கமும் பற்றும் சாக்கெட்டைப் பொருத்துக. வளையத்தில் பிடிப்புக்கு இடமிருந்தால், நண்பர் ஒருவர் மற்றொரு ஸ்பானரால் அதை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு திருப்பி, பிறகு தளர்த்துக. அசைந்ததும் ஒரேயடியாகச் சுழற்றாமல் முன்னும் பின்னுமாக, எண்ணெய் விட்டுக்கொண்டே திருப்ப வேண்டும். எங்களுக்கு ஐந்தாம் நாள் காலையில் அது கால் சுற்று வந்தது. அடைப்புக்குப் பின்னால் ஒரு குவளை அளவு பழுப்பு நீர் வடிந்தது.

எதற்கும் மசியாவிட்டால் அங்கேயே நிறுத்துக. டாங்கியைக் கழற்றி, ஆவி நீக்கும் வசதியுள்ள ரேடியேட்டர் பட்டறையில் ஒப்படைப்பதே அறிவுடைமை. துளையிடுவதோ பற்றவைப்பதோ மாணவர் செய்து பார்க்கும் வேலையன்று.

திரும்பப் பொருத்தும்போது புதிய வாஷர் இடுக. பெட்ரோலில் கரையாத பூச்சை மரைகளில் தடவி, அளவோடு முறுக்குக. ஒரு லிட்டர் மட்டும் ஊற்றி, ஓர் இரவு கழித்துக் கசிவு உண்டா என்று பார்த்த பின்னரே டாங்கியை நிரப்புக. இனி ஆண்டுக்கொரு முறை அதனைக் கழற்றி மாட்டிவந்தால், நமக்குப் பின் அந்த வண்டியைப் பேண வரும் மாணவர்க்கு இத்தனை நாள் காத்திருக்க நேராது.