மூத்தவள் கையெழுத்துப் போட்டால் போதுமா?

‘இந்துக்களுக்கு ஆதியிலிருந்தே ஒருவனுக்கு ஒருத்திதான்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ‘மூத்தவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள், இனி இரண்டாவது கல்யாணம் செல்லும்’ என்று முத்திரைத்தாளைப் பீரோவில் பத்திரப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் பேச்சு வரலாற்றுக்குப் பொருந்தாது. இரண்டாவது சட்டத்துக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் விலை கொடுப்பவர்கள் பெண்கள்.

வரலாற்றை முதலில் பார்ப்போம். முதலாம் ராஜராஜனின் தேவியர் பலருடைய பெயர்கள் கல்வெட்டுகளில் வெளிப்படையாகவே இருக்கின்றன. திருவையாற்றில் உத்தரகைலாசம் எடுப்பித்த உலகமாதேவி அவர்களில் ஒருவர். அரசர்களை விட்டுவிட்டு நூல்களுக்கு வந்தாலும், அவை ஒரே குரலில் பேசவில்லை. அறமும் பிள்ளைப்பேறும் வாய்த்த மனைவி இருக்கும்போது இன்னொருத்தியை மணக்கக் கூடாது என்கிறது ஆபஸ்தம்ப தர்மசூத்திரம். மனுஸ்மிருதியோ பிள்ளை இல்லாதவளை எட்டாம் ஆண்டில், பிறந்த பிள்ளைகள் இறந்துபோனவளைப் பத்தாம் ஆண்டில், பெண்ணாகவே பெற்றவளைப் பதினோராம் ஆண்டில் ஒதுக்கிவிட்டு வேறொருத்தியை மணக்கலாம் என்று கணக்கே போட்டுத் தருகிறது. ‘பிள்ளை இல்லையென்றால் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம், தப்பில்லை’ என்று இன்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு இவ்வளவு பழைய வேர் இருக்கிறது.

வழக்கம் நூலோடு நிற்கவில்லை, இடத்துக்கு இடம் மாறியது. இமயமலைப் பக்கம் ஜௌன்சார் பாவர், கின்னௌர் பகுதிகளில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணந்தார்கள். கேரளத்து நம்பூதிரி இல்லங்களில் மூத்த மகன் மட்டும்தான் சாதிக்குள் மணக்கலாம். அவனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் அமைவது சாதாரணம். அப்படியும் மணமாகாமலேயே அகத்துக்குள் முதுமை அடைந்த பெண்கள் பலர்.

இந்த வழக்கத்தின் கொடிய முகத்தைப் பார்க்க வங்காளத்துக்குப் போக வேண்டும். அங்கே குலீன் பிராமணர் என்றொரு உயர்பிரிவு. தன் மகளைக் குலீனுக்குக் கொடுத்தால்தான் குடும்பத்துக்கு மதிப்பு. கீழே கொடுத்தால் குல மரியாதை போய்விடும். மாப்பிள்ளைகள் குறைவு, பெண்கள் அதிகம். ஆகவே கல்யாணம் செய்துகொள்வதே ஒரு தொழிலாகிப்போனது. மாப்பிள்ளை ஊர் ஊராகப் போய்த் தாலிக்குச் சமமான சடங்கை முடித்து, பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். எந்த ஊரில் யார் மகளை மணந்தோம் என்று குறித்துவைத்துக்கொண்டு, கைச்செலவுக்குத் தேவைப்படும்போது மாமனார் வீடுகளுக்குச் சுற்றுப்பயணம் வருவான். அவன் இறந்த செய்தி வந்த அன்று, அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேயிராத பெண்கள் பல ஊர்களில் ஒரே நேரத்தில் விதவையானார்கள்.

வங்காளச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகர் இதற்கு எதிராக 1855-இல் அரசிடம் மனு கொடுத்தார். 1857 கிளர்ச்சியில் அந்த முயற்சி அமுங்கிப்போனது. அவர் விடவில்லை. 1871-இல் வெளியிட்ட நூலில் ஹூக்ளி மாவட்டத்துக் குலீன்களைப் பெயர், வயது, ஊர், மனைவியரின் எண்ணிக்கை என்று வரிசைப்படுத்தி அச்சிட்டார். அதில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு நேராக இருக்கும் எண் 80. வாதங்களைவிட அந்தப் பட்டியல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது; ‘எங்கோ நடக்கிறது’ என்று சொல்லித் தப்பிக்க அது யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. அப்படியும் ஆங்கில அரசு, மத வழக்கத்தில் தலையிடுவதற்கு அஞ்சிச் சட்டம் கொண்டுவரவில்லை.

சட்டம் வர இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆனது. பம்பாய் மாகாணம் 1946-இலும், சென்னை மாகாணம் 1949-இலும் இந்துக்களின் இருதார மணத்தைத் தடைசெய்தன. பம்பாய்ச் சட்டத்தை எதிர்த்து, ‘மகனைப் பெறுவது மதக் கடமை, அதற்காக மறுமணம் செய்யும் உரிமை வேண்டும்’ என்று வாதாடினார்கள். தத்து எடுத்துக்கொள்ள மதமே வழிவிட்டிருக்கிறதே என்று 1951-இல் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. இந்தியா முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955 மே 18-இல் வந்தது. ஆக, இன்று நாம் தொன்றுதொட்டு வந்ததாகப் பெருமை பேசும் ஒருதார மணம், சட்டம் என்ற அளவில் நம் தாத்தா பாட்டி காலத்துச் சங்கதிதான். போராடிப் பெற்றது அது.

இனி அந்த முத்திரைத்தாள். முதல் மனைவி சம்மதித்தாலும், நோட்டரி முன்னால் கையெழுத்திட்டாலும், தானே முன்னின்று தாலி எடுத்துக் கொடுத்தாலும், முதல் திருமணம் உயிரோடு இருக்கும்வரை இரண்டாவது செல்லாது. பிள்ளை இல்லை என்பதற்கும் விலக்கு இல்லை. ‘ஏழு வருஷம் பிரிந்திருந்தால் தானாக ரத்து’ என்பதும் அரைகுறைக் கேள்விஞானம். ஏழு ஆண்டுகள் ஆள் உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லை என்றால்தான் அந்த விலக்கு. பக்கத்துத் தெருவில் தாய்வீட்டில் இருக்கும் மனைவிக்கு அது பொருந்தாது. சில சாதிகளில் ஊர்ப் பஞ்சாயத்தில் மணத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் முன்பே இருந்தது, சட்டமும் அதை மதிக்கிறது. ஆனால் தங்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும்.

சட்டத்தில் ஓட்டை இல்லையா? இருந்தது. இருதாரக் குற்றத்துக்கு இரண்டாவது திருமணமும் முறைப்படி நடந்திருக்க வேண்டும். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், அக்கினி வளர்க்கவில்லை, ஏழடி வைக்கவில்லை, ஆகவே அது திருமணமே இல்லை என்று 1965-இல் உச்ச நீதிமன்றம் கணவனை விடுவித்தது. சடங்கை வேண்டுமென்றே குறைத்தால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்ற பாடத்தைப் பலரும் இதிலிருந்து படித்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் அந்த வழி அடைபட்டது. சுயமரியாதைத் திருமணங்களுக்காக அண்ணாவின் ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ அது திருமணம். 1984-இல் திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டாவது தாலி கட்டியவர், ஏழடி நடக்கவில்லை என்று சொல்லித் தப்பப் பார்த்தார். தாலியே போதும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாக்கியது. புரோகிதர் இல்லாத திருமணத்துக்காகப் பெரியார் இயக்கம் கேட்டு வாங்கிய சட்டம், ஏமாற்றப்பட்ட மனைவிக்கும் கைகொடுத்தது.

‘பலதாரமெல்லாம் முஸ்லிம்களிடம்தான்’ என்பதும் கணக்கில் நிற்காது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கணவனுக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் முஸ்லிம்களில் 1.9 சதவீதம், இந்துக்களில் 1.3 சதவீதம். தடைச் சட்டம் இருந்தும் இந்த அளவு.

இந்த 1.3-க்குள் இரண்டாவதாக வந்த பெண்களும் இருக்கிறார்கள், முதல் மனைவி இருப்பதே தெரியாமல் வந்தவர்களும் உண்டு. மறைத்து மணந்தவனுக்குத் தண்டனை பத்து ஆண்டுவரை போகும். ஏமாந்தவள் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2013-இல் தீர்ப்பு இருக்கிறது. அவள் பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகளே, தந்தையின் சொத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

முதல் மனைவி நேரில் வர முடியாவிட்டால் அவளுக்காக அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள், சித்தப்பா, தாய்மாமன் ஆகியோரும் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். பல வருஷம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், இந்தக் குற்றத்துக்குப் புகார் செய்யக் கால வரம்பு கிடையாது.