மூடக் கூடாத கோப்பு

கேள்வி: குழந்தை காணாமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் போலீஸ் தேடிக்கொண்டே இருப்பதால் யாருக்கு என்ன பயன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆஸ்திரேலியாவின் பியூமாண்ட் வழக்கைப் பாருங்கள். 1966 ஜனவரி 26 அன்று ஜேன் (9), அர்னா (7), கிராண்ட் (4) என்ற உடன்பிறப்புகள் மூவரும் அடிலெய்டில் வீட்டுக்கு அருகே இருந்த கிளெனெல்க் கடற்கரைக்குப் பஸ் ஏறினார்கள். மதியம் திரும்ப வேண்டியவர்கள் வரவே இல்லை. உயரமான ஓர் ஆணுடன் அவர்கள் விளையாடியதைச் சிலர் பார்த்திருந்தார்கள். பேக்கரியில் ஒரு பவுண்டு நோட்டு கொடுத்துத் தின்பண்டம் வாங்கியிருந்தார்கள். அம்மா கொடுத்தனுப்பியதோ வெறும் சில்லறை. அந்த நோட்டைக் கொடுத்தது யார்? இன்றுவரை தெரியாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஜேன் எழுதியதுபோல் பெற்றோருக்குக் கடிதங்கள் வந்தன. அவை பொய் என்றும், எழுதியவர் யார் என்றும் 1992இல்தான் கைரேகை காட்டிக்கொடுத்தது. கடிதங்களைப் பத்திரப்படுத்தாமல் இருந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது. பழைய சான்றும் புதிய அறிவியலும் சேரும்போது உண்மை வெளிவரும் என்பதற்கு இதுவே சாட்சி.

பிள்ளைகள் புதைக்கப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு தொழிற்சாலை வளாகத்தை 2013, 2018, 2025 ஆகிய ஆண்டுகளில் தோண்டினார்கள், வழக்குக்கு உதவும் எதுவும் கிடைக்கவில்லை. துப்புக்கு 10 லட்சம் டாலர் வெகுமதி உண்டு. தாய் 2019இலும் தந்தை 2023இலும் பதில் தெரியாமலே இறந்தார்கள்.

இறப்பென்றால் காரியம் செய்து அழுது தீர்க்கலாம். காணாமல் போன பிள்ளைக்கு அதுவும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு உண்மையைத் தேடித் தருவது அரசின் கடன். காலம் கடந்தது என்று அதைத் தள்ளுபடி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.