கல்லில் எழுதிய ஊரும் ஏட்டில் எழுதிய மக்களும்

அய்யா துணை

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. வயலும் ஏரியும் நெசவும் உள்ள சாதாரண ஊர். அந்த ஊரின் நடுவில் ஒரு பழைய கோயில். அதன் பெயர் வைகுண்டப் பெருமாள் கோயில். அய்யா வைகுண்டரின் மக்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு கணம் நிற்பது இயல்பு. கோயில் வேறு, வழி வேறு. ஆனாலும் அதன் சுவரில் எழுதியிருப்பதைப் படித்தால் நம் மக்களுக்குப் பாடம் ஒன்று கிடைக்கிறது. முன்னோர் வரலாற்றை அறிவதால் ஒரு மக்கள் கூட்டத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதே அந்தப் பாடம்.

சுவர் சொல்லும் செய்தி

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், அந்த ஊர்ச் சபையார் கூடி எடுத்த முடிவுகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். சிறியவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தார்கள். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த கையில் வாங்கி எல்லாரும் கேட்கப் படித்தார்கள். கையில் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாது என்பதற்காகவே அந்த விரித்த கை.

இப்படித் தேர்ந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் ஓராண்டு. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் மறுபடி வர முடியாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இல்லை. தீயவர் ஒழிந்து மற்றவர் வாழ வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்று கல்லே சொல்கிறது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. 919இல் எழுதிய விதியை இரண்டே ஆண்டில், 921இல், திருத்தி எழுதினார்கள். முதல் விதியைக் கல்லில் வெட்டிவிட்டோமே, இனி மாற்றினால் மதிப்புக் குறையுமே என்று அவர்கள் எண்ணவில்லை. திருத்திய விதியையும் கல்லிலேயே வெட்டினார்கள்.

2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் இந்த ஊரின் பெயர் பேசப்பட்டது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே எங்கள் ஊரில் தேர்தல் நடந்தது என்று சொல்ல உத்திரமேரூர்ப் பிள்ளைக்கு ஒரு சுவர் சாட்சி இருக்கிறது. வெளியூரில் போய் நின்றாலும் அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து பேசலாம். வரலாறு கொடுக்கும் முதல் பலம் இதுதான்.

குடத்தில் பெயர் இல்லாதவர்கள்

ஆனால் அதே சுவரை முழுதும் படிக்க வேண்டும். ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அன்று அந்த ஊர் உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம், அதாவது வேதியருக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அந்த வயல்களை உழுதவர், வைரமேகத் தடாகம் என்ற ஏரியில் மண் சுமந்தவர், நாற்று நட்ட பெண்கள், இவர்களில் ஒருவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் போகவில்லை. அவர்களும் முன்னோர்களே. அவர்களுடைய பிள்ளைகளும் இன்று அங்கே வாழ்கிறார்கள்.

அப்படியானால் கல்லில் பெயர் இல்லாத மக்களுக்கு வரலாறு எது? அவர்கள் எதைக் காட்டித் தலை நிமிர்வது? இந்தக் கேள்விக்கு விடை தேட உத்திரமேரூரிலிருந்து தென்கோடிக்கு, அன்றைய திருவிதாங்கூர் நாட்டுக்குப் போக வேண்டும்.

பெயரும் தலையும் தோளும்

1809ஆம் ஆண்டு பூவண்டன்தோப்பில் பொன்னுநாடார், வெயிலாள் தம்பதியர் தங்கள் குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு முடியா, பெருமாளா என்று மேல்சாதியார் தடுத்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. பிறந்த பிள்ளைக்கு விரும்பிய பெயரை வைக்கவும் உரிமை இல்லாத காலம் அது.

அந்த நாட்டில் ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தோளை மறைக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. தலைக்கு வரி, தொழிலுக்கு வரி, அதற்கு மேல் கூலியில்லா ஊழியம். தோள்சீலைக்காக நடந்த போராட்டம் 1859ஆம் ஆண்டு அரச அறிவிப்பு வரும் வரை நீண்டது. அந்த அறிவிப்பும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதமாக உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது.

இப்படிப் பல தலைமுறை நடத்தப்பட்டால் என்ன ஆகும்? நாம் இதற்கே பிறந்தவர்கள் என்று மனம் நம்பத் தொடங்கும். வரியைவிடப் பெரிய பாரம் அந்த நம்பிக்கை. வரியை அரசன் ஒரு நாள் நீக்கிவிடலாம். மனத்தில் ஏறிய தாழ்வை யார் நீக்குவது?

அய்யா தந்த ஏடு

1833ஆம் ஆண்டு மாசி 20ஆம் நாள், கொல்லம் 1008இல், திருச்செந்தூர்க் கடலில் அவதரித்து வந்த அய்யா வைகுண்டர் தம் மக்களுக்கு முதலில் உணர்த்தியது அவர்கள் யார் என்பதை. நீங்கள் சான்றோர், தெய்வத்தின் பிள்ளைகள் என்றார். தலைப்பாகை கட்டி நின்று வணங்கச் சொன்னார். முந்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுக்கச் செய்தார். பள்ளியறையில் கண்ணாடி வைத்தார். அதன் முன் நிற்பவர் தம்மையே காண்கிறார். நேற்று வரை தீட்டு என்று விரட்டப்பட்டவர், இறைவன் உறையும் இடமாகத் தம்மைப் பார்க்கிறார்.

அதோடு அவர்களுக்கு ஒரு வரலாறும் கிடைத்தது. அரிகோபாலன் சீடர் ஏட்டில் எழுதிய அகிலத்திரட்டு அம்மானையில் சான்றோரின் பிறப்பும் வளர்ப்பும் அவர்கள் பட்ட பாடும் விரிவாக வருகின்றன. அணைக்கு மண்கூடை சுமக்கச் சொன்ன அரசனுக்குப் பணியாமல், உயிரே போனாலும் மானத்தை விடாமல் நின்ற முன்னோர் கதையும் அதில் வருகிறது. நாள் முழுதும் ஊழியம் செய்து வந்த ஒருவர் இரவில் தாங்கலில் அமர்ந்து இதைக் கேட்டிருந்தால், மறுநாள் காலை அவர் நடை மாறாமல் இருக்குமா? 1939இல் அச்சில் வரும் வரை அந்த ஏடு ஓலையிலும் வாயிலுமாக மக்களோடு வாழ்ந்தது. உத்திரமேரூருக்குக் கல் எப்படியோ, அன்புக்கொடி மக்களுக்கு ஏடு அப்படி.

பெருமையின் எல்லை

முன்னோர் பெருமை இரு பக்கமும் கூருள்ள கத்தி. எங்கள் குலம் உயர்ந்தது என்று தொடங்கி, உங்கள் குலம் தாழ்ந்தது என்று முடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தாழ்த்தப்பட்டவர் எழுந்த பிறகு, தமக்கு அடுத்து இருப்பவரைத் தாழ்த்தினால் அய்யா பட்ட பாட்டுக்குப் பொருள் இல்லை.

அய்யாவே இதற்கு வழி காட்டியிருக்கிறார். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டிருந்தபோது, சொந்தச் சாதியாரோடு மட்டும் பழகுவதாக ஒப்புக்கொண்டால் விடுதலை என்று அரசன் நிபந்தனை வைத்தான். அய்யா அதை ஏற்கவில்லை. ஒரு சாதிக்குள் அடங்கும் விடுதலை அவருக்கு வேண்டாததாக இருந்தது. சான்றோர் என்ற சொல்லை ரத்தத்துக்குள் மட்டும் அடைக்க நினைப்பவர்கள் இந்த நிகழ்ச்சியை மறந்துவிடக் கூடாது.

எனவே வரலாற்றை அறிந்தவருக்கு மூன்று கடமைகள் உண்டு. பட்ட அவமானத்தை மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவமானம் செய்தவருக்கே அது வெட்கம், பட்டவருக்கு அல்ல. முன்னோரிடம் குறை இருந்தால், 921இல் அந்தச் சபையார் செய்தது போல அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். நமக்குக் கிடைத்த மதிப்பை இன்னும் கிடைக்காதவருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

தாங்கலில் கலந்து பேச

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. தொழிலுக்காக வடக்கே வந்து சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சுவாமித்தோப்பைத் திருநாளில் மட்டுமே காண்கிறார்கள். பாட்டன் ஏன் தலைப்பாகையோடு வணங்கினார் என்று அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அது தெரியாவிட்டால் தலைப்பாகை வெறும் துணி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பணிவிடை முடிந்ததும் பெரியவர்களும் பிள்ளைகளும் இவற்றைப் பேசலாம்:

1. நம் வீட்டில் மூன்று தலைமுறைக்கு முந்தியவர் பெயர் என்ன? அவர் என்ன தொழில் செய்தார்? எந்த ஊரிலிருந்து வந்தார்?

2. திரு ஏடு வாசிப்பின் 17 நாளில் கேட்டவற்றில், இன்று நம் வாழ்வுக்குத் துணிவு தரும் இடம் எது?

3. நம் ஊரில், நம் தெருவில், இன்றும் குடத்தில் பெயர் இல்லாதவர் யார்? அவருக்காக நாம் செய்யக் கூடியது என்ன?

முதல் இரண்டு கேள்விக்கும் விடை சொல்லும் பிள்ளை தலை நிமிரும். மூன்றாவதற்கும் விடை தேடும் பிள்ளை அய்யா வழியில் நடக்கும்.

அய்யா உண்டு.