எல்லையருகே மிகைத் தீர்வுகள்: பகுப்பாய்வில் இறங்கும் இளம் ஆய்வாளருக்கு

எங்கும் பூச்சியத்தைவிடப் பெரிய மதிப்பையே எடுக்கும் தீர்வு மிகைத் தீர்வு. ஓரலகு ஆரமுள்ள வட்டத்தட்டில் லாப்லாஸ் சமன்பாட்டுக்கு அத்தகைய தீர்வொன்று இருந்தால், அதன் மையமதிப்பே மற்ற இடங்களில் அதைக் கட்டுப்படுத்தும். ஆக்செல் ஹார்னாக்கின் 1887-ஆம் ஆண்டுச் சமனிலி சொல்வது இதைத்தான். மையத்திலிருந்து 0.9 தொலைவில் தீர்வு மையமதிப்பின் 19 மடங்கைத் தாண்டாது, 19-இல் ஒரு பங்குக்குக் கீழும் போகாது. 0.99 தொலைவில் அந்த 19 என்பது 199 ஆகிவிடும். எல்லையை எட்டும்போது கட்டுப்பாடே மிஞ்சாது. எல்லை நடத்தை பற்றிய கேள்விகள் அங்கே பிறக்கின்றன.

இத்துறையில் நுழைபவர் பொதுத் தேற்றங்களுக்கு முன்பாக ஒரு மூலையைத் தம் கையால் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இரு பக்கங்களிலும் பூச்சியமாகி, உச்சியருகே வரம்புக்குள் நிற்கும் அடிப்படைத் தீர்வுகள் உச்சியிலிருந்து உள்ள தொலைவின் அடுக்குகளாக வளர்கின்றன. 180-ஐ மூலையின் கோணத்தால் வகுத்தால் முதல் அடுக்கு கிடைக்கும். மற்றவை அதன் மடங்குகள். 90 பாகை மூலையில் முதல் அடுக்கு 2. 270 பாகையில் மூன்றில் இரண்டு. இவற்றில் குறி மாறாதது முதலாவது மட்டுமே. மிகைத்தன்மை என்ற ஒற்றை நிபந்தனை எத்தனை தீர்வுகளைத் தள்ளிவிடுகிறது என்பது இங்கே கண்ணுக்கே தெரியும். எல்லை வழவழப்பாக இருந்தால், எல்லையில் பூச்சியமாகும் மிகைத் தீர்வின் உள்நோக்கிய வகைக்கெழு பூச்சியமாகாது என்று ஹோப்பும் ஒலெய்னிக்கும் 1952-இல் தனித்தனியே நிறுவினார்கள். 90 பாகை உச்சியில் அந்த வகைக்கெழு பூச்சியமாகிறது, 270 பாகையில் வரம்பின்றிப் பெருகுகிறது. வழவழப்பை விட்டுவிட முடியாததன் காரணம் இதுவே.

எல்லை இன்னும் கரடுமுரடானால் அடுக்கைக் குறிப்பிடுவதே இயலாமல் போகலாம். ஆனாலும் எல்லையின் ஒரே துண்டில் பூச்சியமாகும் இரண்டு மிகைத் தீர்வுகள் ஒரே வேகத்தில் தேய்கின்றன. அவற்றின் விகிதம் இரு மாறிலிகளுக்கு இடையே அடங்கி, எல்லை வரை தொடர்ச்சியாகவே செல்கிறது. எல்லை ஹார்னாக் கொள்கை எனப்படும் இதுவே இத்துறையின் மிக அழகான முடிவு. கார்லசனின் 1962-ஆம் ஆண்டு மதிப்பீடு இதற்கு வழி திறந்தது. லிப்ஷிட்ஸ் எல்லைகளுக்கு 1970-களில் டால்பெர்க், அன்கோனா, வூ ஆகியோர் நிறுவினார்கள். காஃபரெல்லி, ஃபேப்ஸ், மோர்டோலா, சல்சா ஆகியோர் 1981-இல் இதை மாறும் கெழுக்கள் கொண்ட சமன்பாடுகளுக்கு விரித்தார்கள். கெழுக்கள் வகையிடத்தக்கவையாக இருக்க வேண்டிய தேவைகூட இல்லை. தே சில்வா, சாவின் இருவரும் 2020-இல் தந்த சுருக்கமான நிறுவலைப் படிப்பவர், மிகைத்தன்மை பயன்படும் வரிகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வது பெரும்பயன் தரும்.

எல்லையில் பூச்சியமாகாத தீர்வுகளின் கதை வேறு. வட்டத்தட்டில் ஒவ்வொரு மிகைத் தீர்வும் வட்டத்தின் மேலுள்ள ஓர் அளவையிலிருந்து பாய்சான் கருவின் வழியே கிடைக்கிறது. இது 1911-இல் ஹெர்குளோட்ஸ் தந்தது. அந்தக் கரு ஆரத்தின் வழியே தன் எல்லைப்புள்ளியை நெருங்கினால் வரம்பின்றி வளரும். அதே புள்ளியில் உள்ளிருந்து தொடும் வட்டத்தின் வழியே போனால் மாறாமல் நிற்கும். ஃபாத்து 1906-இல் தொடங்கிவைத்த தேற்றங்கள் எல்லையைத் தொட்டுச் செல்லும் பாதைகளை விலக்கி, கூம்புக்குள் மட்டும் நெருங்கச் சொல்வது இதனால்தான்.

எந்த வடிவப் பிரதேசத்துக்கும் பொருந்தும் எல்லையை மார்ட்டின் 1941-இல் மிகைத் தீர்வுகளிலிருந்தே கட்டியெழுப்பினார். ஓர் ஆரத்தின் வழியே கீறப்பட்ட தட்டில், கீறலின் ஒவ்வொரு புள்ளியும் இரு பக்கத்துக்கு இரண்டாக அந்த எல்லையில் எண்ணப்படுகிறது. மையத்தில் உள்ள கீறல்முனை மட்டும் ஒன்றாகவே நிற்கிறது.