36 கிலோ எங்கே போனது?
டேட்டா ஃப்ளோ டயகிராம் வரையலாம், வாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. 'நம் கடைக்கு, நம் தோட்டத்துக்கு நாமே ஒரு சின்ன புரோகிராம் எழுதினால் என்ன?' என்பதுதான் அது. நல்ல ஆசை. ஆனால் கீபோர்டில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு பென்சிலும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

என் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. என்ஜினியரிங் முடித்து சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். 2023-ல் விடுமுறைக்கு வந்தபோது, பெரியப்பாவின் கொப்பரை மண்டிக்கு மைக்ரோசாஃப்ட் அக்செஸில் ஒரு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கலர் கலராகப் பட்டன்கள், அழகான பில். எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, 20 மூட்டை, ஆயிரம் கிலோ வந்துச்சுங்களே. சீட்டுல 964-ன்னு இருக்குது. மிச்சம் 36 கிலோ எங்கீங்க போச்சு?"

கம்ப்யூட்டரில் தேடினேன். 964 என்ற எண் மட்டும்தான் இருந்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. "பழைய நோட்டை எடுத்துட்டு வா கண்ணு" என்றார். மண்டியின் கணக்குப்பிள்ளை, நல்லவேளையாக, பழக்க தோஷத்தில் நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். மொத்த எடை 1000. சாக்கு எடை, மூட்டைக்கு 800 கிராம் வீதம் 16. ஈரத்துக்குக் கழிவு, மூட்டைக்கு ஒரு கிலோ வீதம் 20. நிகர எடை 964. கணக்கு சரி. ஆனால் அதைக் காட்ட என் புரோகிராமால் முடியவில்லை.

36 கிலோ என்பது சின்ன விஷயம் அல்ல. 2023-ல் மத்திய அரசு அரவைக் கொப்பரைக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய், அதாவது கிலோ 108 ரூபாய் 60 காசு. அந்த விலையில் 36 கிலோவுக்கு 3,909 ரூபாய் 60 காசு ஆகிறது. காரணம் தெரியாமல் அந்தத் தொகையை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்?

என் தவறு புரோகிராமில் இல்லை. மண்டியில் எந்தத் தகவல் எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது என்று நான் பார்க்கவே இல்லை. அதைப் பார்ப்பதற்கு உதவும் படம்தான் டேட்டா ஃப்ளோ டயகிராம். தமிழில் 'தகவல் ஓட்டப் படம்' என்று சொல்லலாம். சுருக்கமாக டிஎஃப்டி.

நான்கே நான்கு வடிவங்கள்

1970-களில் லாரி கான்ஸ்டன்டைன், எட் யுவர்டன், டாம் டிமார்க்கோ, கிறிஸ் கேன், டிரிஷ் சார்சன் போன்றோர் இந்த முறையைப் பரவலாக்கினார்கள். வடிவங்களில் சிறு வேறுபாடுகள் உண்டு. நாம் யுவர்டன், டிமார்க்கோ வழியை எடுத்துக்கொள்வோம்.

1. சதுரம்: நம் சாப்ட்வேருக்கு வெளியே இருந்து தகவல் தருபவர் அல்லது பெறுபவர். உதாரணம்: விவசாயி, வங்கி.
2. வட்டம்: தகவலை வாங்கி வேறாக மாற்றித் தரும் வேலை. இதற்குள் எழுதும் பெயர் வினையாக இருக்க வேண்டும். உதாரணம்: 'தொகையைக் கணக்கிடு'.
3. இரண்டு இணைகோடுகள்: தகவல் தங்கும் இடம். நோட்டு, பதிவேடு, ஃபைல், டேட்டாபேஸ் டேபிள் எதுவாகவும் இருக்கலாம்.
4. அம்புக்குறி: தகவல் போகும் வழி. இதன் மேல் எழுதும் பெயர் பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டும். உதாரணம்: 'மொத்த எடை'.

ஒன்றை மறக்காதீர்கள். மண்டியில் மூட்டையும் நகர்கிறது, தகவலும் நகர்கிறது. நாம் வரைவது தகவலை மட்டுமே. மூட்டைக்கு அம்புக்குறி கிடையாது. மூட்டையின் எடைக்கு உண்டு.

ஃப்ளோ சார்ட் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இது அது அல்ல. எது முதலில், எது அடுத்து, 'ஆம் என்றால் இப்படிப் போ, இல்லை என்றால் அப்படிப் போ' என்பதெல்லாம் ஃப்ளோ சார்ட்டின் வேலை. டிஎஃப்டி-யில் நேரமும் இல்லை, நிபந்தனையும் இல்லை.

எங்கள் ஊர் உதாரணம்

ஒரு நிஜமான இடத்தை எடுத்துக்கொண்டு வரைந்து பார்ப்போம். உடுமலை ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் எங்கள் பகுதித் தென்னை விவசாயிகளுக்குப் பழக்கமான இடம். 2023-ல் நாபெட் நிறுவனத்துக்காக ஆதரவு விலையில் கொப்பரை கொள்முதல் நடந்த இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த விற்பனைக்கூடங்கள் ஏன் வந்தன தெரியுமா? எடையிலும் கழிவிலும் விவசாயி ஏமாறக் கூடாது என்பது ஒரு முக்கியக் காரணம். 1928-ல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான ராயல் கமிஷன் இதை வலியுறுத்தியது. 1933-ல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1936-ல் திருப்பூரில் பருத்திக்காக ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தொடங்கியது. அந்தப் பெரியவர் என்னிடம் கேட்ட கேள்விக்காகத்தான், 90 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள்!

கீழே வருவது பாடத்துக்காக நான் எளிமையாக்கிய படம். அங்கே ஓடும் சாப்ட்வேரின் படம் அல்ல.

படி 1: ஒரே ஒரு வட்டம்

தாளின் நடுவில் பெரிய வட்டம் போட்டு 'கொப்பரையைக் கொள்முதல் செய்' என்று எழுதுங்கள். சுற்றிலும் சதுரங்கள். யார் யார்? விவசாயி, நாபெட், வங்கி என்று மூன்று பேர் உடனே நினைவுக்கு வருவார்கள். ஈரப்பதம் பார்ப்பவரும் எடை போடுபவரும்? அவர்கள் விற்பனைக்கூடத்துக்குள் இருக்கலாம். ஆனால் நம் சாப்ட்வேருக்கு வெளியே நின்று தகவல் தருகிறார்கள். ஆகவே அவர்களும் சதுரங்களே. பெரியப்பாவின் மண்டியில் நான் வரையாமல் விட்டது எடையாளர் என்ற இந்தச் சதுரத்தைத்தான்.

இனி அம்புக்குறிகள்.

வட்டத்துக்குள் வருபவை:
விவசாயி → நில ஆவணம், வங்கிக் கணக்கு எண், மூட்டை எண்ணிக்கை
தர ஆய்வாளர் → ஈரப்பத அளவு
எடையாளர் → மொத்த எடை, சாக்கு எடை
நாபெட் → விலை, தர வரம்பு
வங்கி → பணம் சேர்ந்த விவரம்

வட்டத்திலிருந்து போகிறவை:
விவசாயிக்கு → தர முடிவு, கொள்முதல் சீட்டு, பணம் சேர்ந்த தகவல்
வங்கிக்கு → பணம் அனுப்பும் பட்டியல்
நாபெட்டுக்கு → கொள்முதல் அறிக்கை

இதற்குக் கான்டெக்ஸ்ட் டயகிராம் என்று பெயர். உங்கள் சாப்ட்வேரின் எல்லை எது என்பதை இந்த ஒரு படமே சொல்லிவிடும்.

படி 2: வட்டத்தைப் பிரியுங்கள்

அடுத்த தாளில் அந்தப் பெரிய வட்டத்தை உடைத்துச் சிறு வட்டங்கள் ஆக்குங்கள். ஒரு தாளில் ஏழெட்டு வட்டங்களுக்கு மேல் வேண்டாம். கண்ணுக்குக் குழப்பம். நமக்குத் தேவையான பதிவேடுகள் மூன்று. ப1: விவசாயிகள். ப2: வரத்து. ப3: விலையும் வரம்பும்.

1. விவசாயியைப் பதிவு செய்: நில ஆவணமும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ளே வரும். ப1-ல் போய்த் தங்கும்.
2. தரத்தைச் சரிபார்: மூட்டை எண்ணிக்கை, ஈரப்பத அளவு, ப3-லிருந்து தர வரம்பு ஆகியவை வரும். தர முடிவு விவசாயிக்கும் ப2-க்கும் போகும்.
3. எடையைப் பதிவு செய்: மொத்த எடையும் சாக்கு எடையும் எடையாளரிடமிருந்து வரும், தேறிய வரத்தின் விவரம் ப2-லிருந்து வரும். மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக ப2-க்குப் போகும்.
4. தொகையைக் கணக்கிடு: பெயர் ப1-லிருந்து, எடைகள் ப2-லிருந்து, விலை ப3-லிருந்து வரும். கொள்முதல் சீட்டு விவசாயிக்கும், தொகை ப2-க்கும் போகும்.
5. பணத்தை அனுப்பு: கணக்கு எண் ப1-லிருந்து, தொகை ப2-லிருந்து வரும். பட்டியல் வங்கிக்குப் போகும். வங்கி தரும் 'பணம் சேர்ந்த விவரம்' விவசாயிக்கும் ப2-க்கும் போகும்.
6. அறிக்கை தயாரி: ப2-லிருந்து விவரங்கள் வரும். அறிக்கை நாபெட்டுக்குப் போகும்.

படி 3: சரிபாருங்கள்

முதல் படத்தில் உள்ள ஒவ்வோர் அம்புக்குறியும் இரண்டாம் படத்தில் இருக்கிறதா? ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வாருங்கள். நாபெட் தரும் 'விலை, தர வரம்பு' எங்கே? இரண்டாம் வட்டமும் நான்காம் வட்டமும் ப3-லிருந்து எடுக்கின்றன. ஆனால் ப3-க்குள் யார் எழுதினார்கள்? யாரும் இல்லை! ஆகவே ஏழாவதாக ஒரு வட்டம் வேண்டும்: 'விலையையும் வரம்பையும் பதிவு செய்'. இதை விட்டுவிட்டுப் புரோகிராம் எழுதியிருந்தால், அடுத்த சீசனில் விலை மாறும்போது அதை மாற்ற ஒரு திரையே இருந்திருக்காது. தாளில் ஒரு நிமிட வேலை. புரோகிராம் முடிந்த பிறகு என்றால் ஒரு வார வேலை.

படி 4: மூன்று நோய்களைத் தேடுங்கள்

முதல் நோய், கருந்துளை. தகவல் வட்டத்துக்குள் போகிறது, எதுவும் வெளியே வருவதில்லை. அப்படியானால் அந்த வேலை எதற்கு?

இரண்டாவது, அற்புதம். எதுவும் உள்ளே போகாமல் வட்டத்திலிருந்து தகவல் வருகிறது. சாமி வரம் கொடுத்தால் தவிர இது நடக்காது.

மூன்றாவது, அரைகுறை. உள்ளேயும் போகிறது, வெளியேயும் வருகிறது. ஆனால் உள்ளே போனதை வைத்து வெளியே வர வேண்டியதைத் தயாரிக்க முடியாது. இதுதான் எளிதில் கண்ணுக்குப் படாது. என் புரோகிராமில் இருந்தது இந்த நோய்தான். எடை போடுபவர் துண்டுச் சீட்டில் கழித்துப் பார்த்து, நிகர எடையை மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொன்னார். துண்டுச் சீட்டு குப்பைக்குப் போனது. விவசாயிக்கு வேண்டியது கழிவு விவரம். 964 என்ற ஒற்றை எண்ணிலிருந்து அதை எப்படிக் கொண்டுவர முடியும்?

கூடவே ஒரு விதி. அம்புக்குறியின் ஒரு முனையாவது வட்டத்தில் இருக்க வேண்டும். சதுரத்திலிருந்து நேராகப் பதிவேட்டுக்கோ, ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொரு பதிவேட்டுக்கோ அம்பு போகக் கூடாது. தகவல் தானாக நடந்து போகாது. ஏதோ ஒரு வேலைதான் அதை எடுத்துச் செல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரில் வரைய

பென்சில் படம் சரியான பிறகு கம்ப்யூட்டருக்கு வாருங்கள். காசு செலவு இல்லாமல் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள டிரா புரோகிராமே போதும். இன்டர்நெட் இருந்தால் டிரா.ஐஓ-வையும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

லிப்ரே ஆபீஸ் டிராவைத் திறந்து, டூல்பாரில் வட்டத்தைத் தேர்ந்தெடுத்து மவுஸால் இழுங்கள். வட்டத்தின் மேல் டபுள் க்ளிக் செய்தால் உள்ளே எழுதலாம். இணைப்பதற்குச் சாதாரணக் கோட்டை எடுக்காதீர்கள். கனெக்டர் என்பதை எடுங்கள். கனெக்டரை வட்டத்தின் ஓரத்தில் தெரியும் சிறு புள்ளியில் ஒட்டிவிட்டால், பிறகு வட்டத்தை எங்கே நகர்த்தினாலும் அதுவும் கூடவே வரும். முடிந்ததும் பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து பிரின்ட் எடுங்கள்.

அந்தப் பிரின்ட்டை இன்னொரு கம்ப்யூட்டர்காரரிடம் காட்ட வேண்டாம். அந்த வேலையைத் தினமும் செய்கிறவரிடம் காட்டுங்கள். நான் அடுத்த விடுமுறையில் பெரியப்பாவின் மண்டிக்குப் படம் வரைந்துகொண்டு போய்க் கணக்குப்பிள்ளையிடம் நீட்டினேன். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர் அவர். படத்தை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "முன்பணம் வாங்குனவங்க கணக்கு எங்கீங்க தம்பி?" என்று கேட்டார். அதையும் நான் விட்டிருந்தேன்!

இப்போது மண்டியின் பில்லில் மொத்த எடை, சாக்கு எடை, ஈரக் கழிவு, நிகர எடை, முன்பணம் என ஐந்தும் தனித்தனி வரிகளில் வருகின்றன. பழைய நோட்டு அலமாரிக்குப் போய்விட்டது.

உங்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுபவரின் மாதக் கணக்கை ஒரு டிஎஃப்டி ஆக வரைந்து பாருங்கள். 'இன்று பால் வேண்டாம்' என்று நீங்கள் சொல்வது எந்த வட்டத்துக்குள் போகிறது, எந்தப் பதிவேட்டில் தங்குகிறது, மாதக் கடைசியில் எந்தச் சீட்டில் வெளியே வருகிறது? இந்த மூன்றுக்கும் உங்கள் படத்தில் அம்புக்குறி இருந்தால், நீங்கள் புரோகிராம் எழுதத் தொடங்கலாம்.